பாறை நீரின் அடர்த்தியைக் கணித்தபோது: சூத்திரத்துக்கு முன்னால் இருக்கும் வேலை

ஒரே மணற்கல் அடுக்கில் இரண்டு கிணறுகள். மேட்டுப்பக்கக் கிணற்றில் எண்ணெய் மட்டும், சரிவுப்பக்கக் கிணற்றில் நீர் மட்டும். எண்ணெய் முடிந்து நீர் தொடங்கும் இடத்தை இரண்டுமே தொடவில்லை. இப்படி ஒரு நிலையில் எண்ணெயின் அழுத்தக் கோட்டையும் நீரின் அழுத்தக் கோட்டையும் ஆழத்துக்கு எதிராக வரைவோம். ஒவ்வொரு கோட்டின் சரிவையும் தீர்மானிப்பது அந்தத் திரவத்தின் அடர்த்தி. இரண்டும் வெட்டிக்கொள்ளும் ஆழம்தான் ஃப்ரீ வாட்டர் லெவல்; கீழே எல்லை என்று நான் சொல்வது இதைத்தான். எண்ணெய்க் கோட்டின் சரிவு தெளிவாகத் தெரிந்திருந்தது; அடுக்கின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் எண்ணெயின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.75 கிராம். நீருக்குத்தான் நம்பகமான எண் இல்லை. அதைக் கண்டுபிடிக்கும் வேலை என்னிடம் வந்தது.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிட்டேன். எல்லோரும் இதைச் செய்துவிட்டுத்தான் கணக்கில் இறங்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீரின் உண்மையான அடர்த்தி 1.045 என்றும், நாம் அழுத்தம் அளந்த நீர்ப்புள்ளி எல்லைக்கு 100 மீட்டர் கீழே இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். நன்னீர் போல 1.00 என்று போட்டால் எல்லை சுமார் 18 மீட்டர் மேலே ஏறிவிடும். அவ்வளவு எண்ணெய் காகிதத்தில் காணாமல் போகும். ஆய்வகம் தரைமட்டத்தில் அளந்த 1.072ஐ அப்படியே போட்டால் சுமார் 8 மீட்டர் கீழே இறங்கும். இல்லாத எண்ணெய் கணக்கில் வந்துவிடும். இரண்டாவது தசம இடத்தில் வரும் வித்தியாசத்துக்கே இந்த விளைவு. காரணம் எளியது: எல்லையைத் தீர்மானிப்பது நீருக்கும் எண்ணெய்க்கும் இடையிலான அடர்த்தி வேறுபாடு. அந்த வேறுபாடே 0.3க்குள் அடங்கிவிடுகிறது. எண்ணெய் கனமாக ஆக இந்தச் சிக்கல் இன்னும் பெரிதாகும்.

அடர்த்தியைத் தீர்மானிப்பவை மூன்று: உப்பு, வெப்பம், அழுத்தம். எங்கள் அடுக்கு 90 டிகிரி செல்சியஸ், 25 மெகாபாஸ்கல். அந்த நிலையில் உப்பு எடை விகிதத்தில் 1 சதவீதம் மாறினால் அடர்த்தி ஏறக்குறைய 0.007 மாறுகிறது. வெப்பம் 10 டிகிரி பிசகினால் சுமார் 0.006. அழுத்தம் 5 மெகாபாஸ்கல் பிசகினாலும் 0.002ஐத் தாண்டவில்லை. அழுத்தம் எப்படியும் நன்றாக அளந்த ஒன்று. வெப்பத்துக்குக் கிணற்றுச் சேறு (துளையிடும்போது கிணற்றில் சுழலவிடும் திரவம்) குளிர்வித்ததைத் திருத்தி, ஹார்னர் முறையில் (சுழற்சி நின்றபின் வெப்பம் ஏறும் போக்கிலிருந்து அடுக்கின் உண்மை வெப்பத்தைக் கணிக்கும் முறை) எடுத்த எண் இருந்தது. ஆகவே என் நேரத்தின் பெரும்பகுதி உப்பிடம் போயிற்று.

கோப்பில் பல நீர் மாதிரிகளின் அறிக்கைகள் இருந்தன. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, மொத்த உப்பு ஒன்றில் மற்றொன்றைப்போலப் பல மடங்கு. சராசரி எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. இவை ஒரே நீரின் வெவ்வேறு அளவீடுகளாக இருந்தால் சராசரிக்குப் பொருள் உண்டு. இங்கே இருந்தவை வெவ்வேறு நீர்கள்.

மிகக் குறைந்த உப்பு காட்டியது வாயு அதிகம் வந்த ஒரு சோதனையில் பிரிப்பான் கலத்திலிருந்து எடுத்தது. வாயுவோடு ஆவியாக வந்து மேலே குளிர்ந்து சொட்டிய நீர் அது. பாறையில் இருந்தபோது திரவமாகவே இருந்ததில்லை. அதை ஒதுக்கினேன். இன்னொன்றில் பொட்டாசியம் இயல்புக்கு மீறி இருந்தது. துளையிடும்போது பொட்டாசியம் குளோரைடு கலந்த சேற்றைத்தான் பயன்படுத்தியிருந்தார்கள். பாறைக்குள் புகுந்த மட் ஃபில்ட்ரேட் (சேற்றிலிருந்து வடிந்த நீர்) அந்த மாதிரியில் கணிசமாகக் கலந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அதுவும் வெளியே.

மிஞ்சியவற்றில் ஒரு தொகுப்பு அருமையானது. நீரை ஓடவிட்டு, இடைவெளி விட்டு விட்டு மாதிரி எடுத்திருந்தார்கள். குளோரைடு மெல்ல ஏறி, கடைசியில் ஏறாமல் நின்றது. பொட்டாசியம் இறங்கி, அதுவும் நின்றது. அந்தச் சமதளத்தில் இருந்த மாதிரிகளைத்தான் நான் நம்பினேன். அவற்றிலும் நேர்மின் அயனிகளின் மொத்தமும் எதிர்மின் அயனிகளின் மொத்தமும் சமன் ஆகின்றனவா என்று கூட்டிப் பார்த்தேன். சமன் ஆகாத அறிக்கையில் ஏதோ ஓர் அயனி தப்பாக அளக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். மாதிரி எடுத்தவர்கள் நேரத்தைக் குறித்து வைத்திருந்ததால்தான் இதையெல்லாம் செய்ய முடிந்தது. அந்தக் குறிப்பு எழுதியவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அடுத்து அலகு. அறிக்கை லிட்டருக்கு 1,07,000 மில்லிகிராம் என்றது. சூத்திரங்கள் கேட்பது எடை விகிதம். இரண்டும் நன்னீரில்தான் ஏறக்குறைய ஒன்று. உப்புநீரில் அடர்த்தியால் வகுக்க வேண்டும். 1.07ஆல் வகுத்தால் 1,00,000 பிபிஎம் (எடையில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது), அதாவது 10 சதவீதம். வகுக்காமல் விட்டால் அடர்த்தி 0.005 கூடிவிடும்.

நம்பியது சரிதானா என்று லாக் (கிணற்றில் கருவி இறக்கி எடுத்த அளவீட்டுப் பதிவு) பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி கேட்டேன். 10 சதவீத சோடியம் குளோரைடு நீரின் மின்தடை 90 டிகிரியில் ஏறக்குறைய 0.03 ஓம்-மீட்டர் இருக்க வேண்டும். நீர்க்கிணற்றில் களிமண் இல்லாத மணற்பகுதியில் ஆர்ச்சி சமன்பாட்டின் (பாறையின் மின்தடையையும் துளைமையையும் அதிலுள்ள நீரின் மின்தடையோடு இணைப்பது) வழியாகப் பின்னோக்கிக் கணித்தபோது அதே அளவுதான் வந்தது. இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். மின்தடையிலிருந்து கிடைக்கும் 'சோடியம் குளோரைடுக்குச் சமமான' உப்பளவு மின்கடத்தலுக்குத்தான் சமம், எடைக்கு அல்ல. 20 டிகிரியில் 10 சதவீத சோடியம் குளோரைடு கரைசல் 1.071 இருக்கும்; அதே 10 சதவீத கால்சியம் குளோரைடு 1.083ஐத் தாண்டும். கால்சியம் மிகுந்த நீராக இருந்தால் சோடியம் குளோரைடு சூத்திரமே பொருந்தாது. எங்கள் நீரில் கால்சியம் குறைவு என்பதால் தொடர்ந்தேன்.

இதற்குப் பிறகு கணக்கு ஒரு பொழுதுக்குள் முடிந்தது. எண்ணெய்த் துறையினர் பயன்படுத்தும் மெக்கெயின் சமன்பாட்டில் முதலில் தரைமட்ட அடர்த்தி கிடைக்கும்: 1.072, ஆய்வக அளவீட்டோடு ஒத்துப்போனது. அதை நீரின் கனஅளவுக் காரணியால் (அடுக்கில் நீரின் கனஅளவு தரைமட்டத்தில் இருப்பதைப்போல எத்தனை மடங்கு என்பது) வகுக்க வேண்டும். அந்தக் காரணி 1.030 வந்தது; அடர்த்தி 1.040. நில அதிர்வுத் துறையினர் அதிகம் பயன்படுத்தும், 1992இல் வெளியான பேட்ஸ்ல்-வாங் சமன்பாட்டில் அதே உள்ளீடுகளுக்கு 1.047. இதில் அலகுகள் வேறு: வெப்பம் செல்சியஸில், அழுத்தம் மெகாபாஸ்கலில், உப்பு பின்னமாக. மெக்கெயினுக்கு ஃபாரன்ஹீட், பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), சதவீதம்.

இரண்டுக்கும் இடையே 0.007. எது சரி என்று சூத்திரத்தையே கேட்க முடியாது. நீர்க்கிணற்றில் ஃபார்மேஷன் டெஸ்டர் (கிணற்றுச் சுவரில் பதிந்து பாறைத் திரவத்தின் அழுத்தத்தை அளக்கும் கருவி) அளந்த அழுத்தப் புள்ளிகள் இருந்தன. ஒரே மணற்பகுதியில் சுமார் 20 மீட்டர் உயரத்துக்குள் பரவியவை. செங்குத்து ஆழத்துக்கு மாற்றி, அடர்பாறையில் சிக்கிக் கூடுதல் அழுத்தம் காட்டிய புள்ளிகளை நீக்கி, கோடு போட்டேன். சரிவு மீட்டருக்கு 10.25 கிலோபாஸ்கல், 9.807ஆல் வகுத்தால் 1.045. பார்க்க அழகான எண். ஆனால் 20 மீட்டருக்குள் 1 பிஎஸ்ஐ பிசகினால் அடர்த்தியில் 0.035 பிசகும். குவார்ட்ஸ் கேஜ் (நுண்ணிய அழுத்தமானி) என்பதால் 0.1 பிஎஸ்ஐ வரை நம்பலாம் என்றாலும் 0.0035 மிச்சம் இருக்கிறது. அதாவது இந்த அளவீடு 1.00ஐயும் 1.072ஐயும் உறுதியாக மறுக்கிறது, 1.040க்கும் 1.047க்கும் இடையே தீர்ப்புச் சொல்லும் வலிமை அதற்கு இல்லை.

அதனால் ஒற்றை எண் கொடுக்கவில்லை. 1.045ஐ நடுவில் வைத்து, 1.040 முதல் 1.050 வரை என்று கொடுத்தேன். நீரில் கரைந்திருக்கும் மீத்தேன் அடர்த்தியைச் சற்றே குறைக்கும். அதையும் இந்த வரம்புக்குள்ளேயே அடக்கினேன். 100 மீட்டர் தூரத்துக்கு இதனால் எல்லையில் வரும் ஐயம் மேலும் கீழுமாக மொத்தம் சுமார் மூன்றரை மீட்டர். கூடவே எந்த வெப்பம், எந்த அழுத்தம், எந்த மாதிரி, எவற்றை ஏன் ஒதுக்கினேன் என்பதையும் அதே பக்கத்தில் எழுதினேன். அடுத்த கிணற்றுத் திட்டத்தில் ஒரு வேண்டுகோளும் சேர்த்தேன்: நீர்ப்பகுதியின் உச்சியிலிருந்து அடிவரை அழுத்தப் புள்ளிகளைப் பரப்பி எடுங்கள். 20 மீட்டருக்குப் பதில் 60 மீட்டர் கிடைத்தால் அதே கேஜில் பிழை மூன்றில் ஒரு பங்காகும். அப்போது இரண்டு சூத்திரங்களில் எது இந்தப் பாறைக்குப் பொருந்துகிறது என்பதைச் சொல்லிவிடலாம்.