ஊசி போட்டு எடுத்த ஸ்கேன்

எனக்கு வயது 44. ஆணுறுப்பில் விறைப்பு சரியாக வராமல், வந்தாலும் நிற்காமல் எட்டு மாதம் ஓடிவிட்டது. அதில் நான்கு மாதம் பஸ் ஸ்டாண்டு போஸ்டரை நம்பி லேகியம் சாப்பிட்டதில் போனது. கடைசியில் என் மனைவிதான், "வாங்க, யூராலஜி டாக்டரைப் பார்த்துடலாம், நானும் வர்றேன்" என்றாள்.

டாக்டர் முதலில் ஐந்து கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். மொத்தம் 25 மதிப்பெண். 21 அல்லது அதற்குக் கீழே வந்தால் பிரச்சினை. எனக்கு 12. அப்புறம், "காலையில் எழும்போது விறைப்பு இருக்கா?" என்று கேட்டார். இருந்தால் நரம்பும் ரத்த ஓட்டமும் பெரும்பாலும் நன்றாக இருக்கும், காரணம் மனதில் இருக்கலாம் என்றார். எனக்கு அது நின்றே பல மாதம்.

ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில், காலையிலேயே வரச் சொன்னார்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் அதிகமாக இருக்குமாம். அது சரியாகவே இருந்தது, தைராய்டும் அப்படியே. ஆனால் மூன்று மாதச் சராசரி சுகர் 8.9! 6.5 வந்தாலே சுகர்தான். எனக்குச் சுகர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்தது டாப்ளர் ஸ்கேன், அதாவது ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன். ஆணுறுப்பின் பக்கவாட்டில் ஊசி என்றதும் முந்தைய இரவு தூக்கமே இல்லை. இன்சுலின் ஊசி மாதிரி மெல்லியதுதான். எறும்பு கடித்த அளவு வலி. மருந்தால் விறைப்பு வந்ததும் ஜெல் தடவி, சில நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த வேகத்தை அளந்தார்கள். அறையில் டாக்டரும் ஒரு உதவியாளரும் மட்டும். துணி போட்டு மூடியே வைத்திருந்தார்கள். அந்த மரியாதையை நான் மறக்கவே மாட்டேன். வேகம் நொடிக்கு 22 சென்டிமீட்டர். 25-க்குக் கீழே என்றால் தமனியில் ரத்தம் போதுமான அளவு வரவில்லை என்று அர்த்தம். "நாலு மணி நேரத்துக்கு மேல விறைப்பு அடங்கலைன்னா நேரா அவசரப் பிரிவுக்கு வந்துடுங்க" என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்கள். எனக்கு ஒன்றரை மணி நேரத்தில் அடங்கியது.

அதோடு விடவில்லை. ஆணுறுப்பின் தமனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான், இதயத்துடையது மூன்று நான்கு. அடைப்பு சின்னக் குழாயில்தான் முதலில் தெரியும் என்று சொல்லி, இதய டாக்டரிடம் அனுப்பினார். டிரெட்மில்லில் குறை எதுவும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது இரண்டு பேருமே அழுதுவிட்டோம்.

இப்போது சுகர் 7.1. சிகரெட்டை விட்டு மூன்று மாதம். போன வாரம் இரண்டு நாள், காலையில் விறைப்போடு எழுந்தேன்.