வாசிப்பு எங்கும் போகாது

அந்தத் தாயாரிடம் நான் சொன்ன பதிலின் முதல் பாதி சரியென்றே இன்றும் நினைக்கிறேன். “சார், இவனை பாலிடெக்னிக்ல சேர்க்கட்டுமா, இல்ல மேளத்துக்கே அனுப்பட்டுமா?” என்று அவர் கேட்டபோது, “முதல்ல டிப்ளமோ முடிக்கட்டும்மா, வாசிப்பு எங்கயும் போகாது” என்றேன். எங்கள் இசைப்பள்ளியில் மூன்றாண்டு நாகஸ்வரப் படிப்பை முடித்திருந்த பையன், பக்கத்தில் நின்று, வாத்தியத்தின் ஊதுமுனையான சீவாளியின் வாயை ஊசியால் சரிசெய்துகொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

வேறு எந்த வாத்தியத்துக்குப் பொருந்தினாலும், அந்த இரண்டாம் பாதி நாகஸ்வரத்துக்குப் பொருந்துமா என்பதுதான் என்னை உறுத்துகிறது. விடியற்காலையில், ஒரே ஸ்வரத்தில் நீண்ட நேரம் நிற்கும் கார்வைகளைப் பிடித்துப் பழகும் சாதகம் சில மாதங்கள் நின்றுபோனால், உதடு தளரும், மூச்சு குறையும். ராகம் நினைவில் இருந்தாலும் மேல் ஷட்ஜத்தில், அதாவது மேல் ‘ஸ’வில், நிற்க முடியாது. வித்வான் ஒருவருக்குப் பக்கத்தில் துணை நாகஸ்வரமாக நிற்க வேண்டிய வயதும் அதுவே. நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம், தம் குரு ராஜரத்தினம் பிள்ளைக்குத் துணையாக வாசித்து வளர்ந்தவர் என்று வகுப்பில் நானே சொல்வதுண்டு. சுவாமி வீதியுலா புறப்படும்போது வாசிக்கும் மல்லாரியை வகுப்பில் கற்பித்துவிடலாம். புறப்பாட்டில் தவிலின் போக்கறிந்து அதை நிறுத்தி வாசிப்பது வீதியில்தான் கைவரும்.

ஆனால் கேட்டவருக்கு வீட்டுக் கணக்கு இருந்தது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. முகூர்த்த மாதங்களிலும் மாப்பிள்ளை அழைப்புக்குப் பல மண்டபங்களில் செண்டை மேளம் வந்துவிட்டது. கோயில் பணியிடம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். அரசு இசைப்பள்ளிகளில் குரலிசைக்கும் வயலினுக்கும் 7ஆம் வகுப்புத் தேர்ச்சி கேட்கிறார்கள். நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். இந்தத் தளர்வு ஏழைப் பிள்ளைகள் பலருக்குக் கதவைத் திறந்திருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். எனினும், மேளத்துக்கு வருகிறவனுக்கு வேறு படிப்பு எதற்கு என்ற பழைய எண்ணமும் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதாகவே எனக்குப் படுகிறது. அந்த எண்ணத்துக்கு நானும் துணைபோக வேண்டுமா?

“பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார் உடன் பணிபுரியும் தவில் ஆசிரியர். கேட்டிருக்கலாம். பதினெட்டு வயதில், அம்மாவுக்கும் ஆசிரியருக்கும் எதிரில், அவன் என்ன சொல்லியிருப்பான்?

சென்ற தை மாதம் ஒரு கல்யாணத்தில் அவன் வாசித்ததைக் கேட்டேன். தோடி ராக ஆலாபனையில் கற்பனை முன்னைவிட வளர்ந்திருந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. மேல் ஷட்ஜத்தில் மட்டும் கார்வை பாதியில் அறுந்தது, பக்கத்தில் இருந்தவர் வாங்கி நிரப்பினார். பிறகு என்னிடம் வந்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருப்பதாகவும், “அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம் சார்” என்றும் சொன்னான்.

இப்போது கேட்கிற பெற்றோரிடம், வித்வானிடம் இருந்துகொண்டே அஞ்சல்வழியில் பட்டம் படிக்கச் சொல்கிறேன். அப்படிச் செய்து காட்டியவர்களும் உண்டு, இரண்டையும் பாதியில் விட்டவர்களும் உண்டு. அந்தத் தாயார் மறுபடி வந்து கேட்டாலும் டிப்ளமோ என்றே சொல்வேன். கூடவே, விடியற்காலைச் சாதகத்தை ஒருநாளும் விடக்கூடாது என்று அவனைப் பார்த்துச் சொல்வேன். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில் இருந்து, ஆறு மணிக்குப் பேருந்து பிடிக்க வேண்டியவன், அதை எந்த இடத்தில் நின்று ஊதுவான் என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.