தயிர்சாதத்தால் கெட்ட சாமியார்

எத்தியோப்பியாவில் இறங்கிய அன்றே எனக்கு எட்டு வயது குறைந்துவிட்டது. அவர்கள் நாட்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு வருஷம் பின்னால் ஓடுகிறது. வருஷத்துக்கு 13 மாதம் வேறு. சரி, இளமை சும்மா வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

போனது பஹிர் தார் என்ற ஊருக்கு. தானா ஏரிக்கரை. நீல நைல் புறப்படும் இடம். அங்கே ஒரு பள்ளியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் தன்னார்வ வேலை. தெருவில் ஓடும் ஆட்டோவை அங்கே 'பஜாஜ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதைக் கேட்டதும் பாதி பயம் போய்விட்டது. மீதிப் பாதி சாப்பாட்டைப் பற்றியது.

தங்கிய வீட்டில் ஒரு பாட்டி, மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேத்தி. பாட்டியை எல்லோரும் 'எமாமா' என்றார்கள். வயதான பெண்களை அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம். ஆங்கிலம் பேத்திக்கு மட்டுமே வரும்.

ஊரில் இருந்தே நான் மனப்பாடம் செய்துகொண்டு போன ஒரே அம்ஹாரிக் வாக்கியம் 'சிகா அல்பெலாம்'. கறி சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம். முதல் ராத்திரியே எமாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் 'ஹக்' என்று மூச்சை உள்ளே இழுத்தார். எனக்குப் பகீரென்றது. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த ஊரில் 'ஆமாம், ஆமாம்' என்பதையே மூச்சிழுத்துத்தான் சொல்வார்கள் என்று தெரிய நாலு நாள் ஆனது. அதற்குள் மூன்று சொம்பு தண்ணீர் கொடுத்திருந்தேன். பாவம், ஒவ்வொரு முறையும் மறுக்காமல் குடித்தார்.

அவர் 'ஆமாம்' என்றது எதற்கு என்பதுதான் விஷயம். அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாள், 'ட்சோம்'. கறி, முட்டை, பால், வெண்ணெய் எதையும் தொட மாட்டார்கள். சைவம் என்றால் அவர்களுக்கு விரதம்தான். வாரம் ஏழு நாளும் கறி தொடாதவன் என்றால்? வாரம் ஏழு நாளும் விரதம் இருக்கிற மகான்! நான் செய்த தவமெல்லாம் ஒரு சைவ வீட்டில் பிறந்தது மட்டும்தான்.

மறுநாள் காபிக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். அங்கே காபி என்பது ஒன்றிரண்டு மணி நேர வைபவம். பச்சைக் கொட்டையை நம் கண்ணெதிரில் வறுத்து, இடித்து, சாம்பிராணி போட்டு, மூன்று சுற்று ஊற்றுவார்கள். மூன்றாவது சுற்றுக்கு முன்னால் எழுந்து போனால் மரியாதை இல்லை. அந்த மூன்று சுற்றும் பேச்சு என்னைப் பற்றித்தான். 'ட்சோம், ட்சோம்' என்று காதில் விழுந்தது. நான் கும்பிட்டுக்கொண்டே சிரித்தேன். அப்போதே மறுத்திருக்க வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தது பிப்ரவரி. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு அடுத்த திங்களே தொடங்கியது. 55 நாள். ஞாயிறு இரவு பேத்தி வந்து கேட்டாள். "எமாமா கேட்கிறார், அண்ணா நாளையிலிருந்து அவரோடு ஒன்பது மணிக்குச் சாப்பிடுவீர்களா?"

காலை டிபன் ஒன்பது மணிக்கா, கொஞ்சம் லேட்தான், பரவாயில்லை என்று நினைத்து, "தாராளமாக!" என்றேன்.

திங்கள் ஒன்பது மணிக்குக் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். அடுப்பு மூட்டிய அறிகுறியே இல்லை. எமாமா வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தார். பத்து ஆனது. பதினொன்று ஆனது. பன்னிரண்டுக்குப் பேத்தி கல்லூரியிலிருந்து வந்தாள். மணி என்ன என்று பலவீனமாகக் கேட்டேன்.

"ஆறு."

அவர்கள் கடிகாரம் சூரியனோடு எழுந்திருக்கிறது. காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. நம் ஜாதகத்தில் உதயாதி நாழிகை என்று போடுவார்களே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு. ஒன்பது மணி என்றால் மத்தியானம் மூன்று. தீவிரமாக நோன்பு இருப்பவர்கள் அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். பேத்தி கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள். அவ்வளவு கடுமை சின்னவர்களுக்கு வேண்டாமாம். மகான்களுக்குத்தான்.

மூன்று மணிச் சாப்பாட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். இஞ்சேரா என்றால் டெஃப் என்ற பொடித் தானியத்தை அரைத்து, நாள்கணக்கில் புளிக்கவிட்டு, தாம்பாளம் அகலத்துக்குச் சுடும் தோசை. ஒரு பக்கம் ஆப்பம்போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதன்மேல் ஷிரோ: நம் பாம்பே சட்னி உறைப்பாகக் கிடைத்தால் எப்படி இருக்கும், அது. எமாமா ஒரு கவளம் உருட்டி அவர் கையாலேயே என் வாயில் திணித்து, "பிலா, லிஜே, பிலா" என்பார். சாப்பிடு பிள்ளை, சாப்பிடு. பிரச்சினை சாப்பாட்டில் இல்லை. அதற்கு முந்தைய எட்டு மணி நேரத்தில்.

மூன்றாவது வாரம் பொறுமை போய்விட்டது. ஏரிக்குக் கிழக்கே ஃபோகெரா பக்கம் நெல் விளைகிறது, அதனால் அரிசிக்குப் பஞ்சமில்லை. ஒரு முஸ்லிம் அண்ணன் கடையில் தயிர் கிடைத்தது. எமாமா கோயிலில் இருக்கும் நேரம் பார்த்து, அறைக் கதவைச் சாத்தி, சின்ன மின்சார அடுப்பில் சோறு வடித்து, அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயைத் திறந்தேன். இரண்டாவது வாய் வைக்கும்போது கதவும் திறந்தது.

கையில் எனக்காகக் கொண்டுவந்த தீர்த்த பாட்டிலோடு எமாமா. அதுவும் ஒரு புதன்கிழமை.

பேத்தியைக் கூப்பிட்டு விசாரணை நடந்தது. பால், தயிர் எல்லாம் எங்கள் வீட்டில் தினமும் உண்டு, கறிதான் கிடையாது என்றேன். "பண்டிகைக்குக்கூடவா?" பண்டிகைக்கு நிச்சயமாகக் கிடையாது என்றேன். பேத்தி மொழிபெயர்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். விரத நாளில் தயிர், விருந்து நாளில் பட்டினி! எமாமா என்னை வெகுநேரம் பார்த்தார். அன்று மாலைக் காபியில் யாரும் 'ட்சோம்' என்று சொல்லவில்லை. மறுநாள் காலை ஏழரைக்கு என் அறை வாசலில் ரொட்டியும் தேநீரும் இருந்தன. பதவி போனது, டிபன் வந்தது.

ஈஸ்டர் இரவு பேத்தி சொன்னாள், "விருந்து ஒன்பது மணிக்கு." இந்த முறை ஏமாறவில்லை. விடியற்காலை மூன்றுக்கு அலாரம் வைத்தேன். கோயிலிலிருந்து எல்லோரும் திரும்பினார்கள். நடுவில் சிவக்கச் சிவக்கக் கோழிக் குழம்பு, அதில் மிதக்கும் முட்டைகள். 55 நாள் பசி அந்தத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தது. நான் ஓரமாக உட்கார்ந்து இஞ்சேராவை வெறுமனே பிய்த்தேன்.

எமாமா எழுந்து உள்ளே போனார். பண்டிகை வெண்ணெய் மினுமினுக்க ஒரு கிண்ணம் ஷிரோவும், ஒரு குவளை தயிரும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இஞ்சேராவைக் கிழித்து ஷிரோவில் புரட்டி, என் முஷ்டி அளவுக்கு உருட்டி வாயில் திணித்தார். நன்றாக இருக்கிறதா என்று ஜாடையில் கேட்டார்.

நானும் உள்ளூர்க்காரன் ஆகிவிட்ட தெம்பில், வாய் நிறைய இஞ்சேராவோடு 'ஹக்' என்று மூச்சை இழுத்தேன். அடுத்த நொடி புரையேறி, கண் பிதுங்கி, பேச்சு மூச்சில்லை.

சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தது எமாமா.