ஈலி மேட்டின் அடிமண்

மண் பரிசோதனைப் பொறியாளராகக் கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் சதுப்பு நிலப்பகுதிக்கு நான் வேலைக்குச் சென்றபோது, முதலில் கிடைத்த பணி ஆற்றங்கரை ஒன்றின் அடிமண்ணைத் துளையிட்டு எடுப்பதாக இருந்தது. கரைமேல் ஏறி நின்றபோது ஒருபுறம் ஆறு ஓடியது. மறுபுறம் வயல்கள் ஆற்று நீர்மட்டத்துக்கும் கீழே தாழ்ந்து கிடந்தன. தொலைவில், ஒரு மேட்டின்மேல் ஈலி பேராலயம் தெரிந்தது.

துளைக்குழாயிலிருந்து வெளிவந்த பீட் மண், அதாவது சதுப்பில் முழுதும் மட்காத செடிகொடிகளால் ஆன மண், பழுப்பாக இருந்தது. அதிலிருந்த நாணல் இழைகளை விரலால் பிரித்தெடுக்க முடிந்தது. காற்றுப் பட்டதும் அது கண்ணெதிரே கறுத்தது. நீருக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்காமல் கிடந்த செடிகொடிகள் நீர் வடிந்த பிறகு சுருங்கிச் சிதைவதை அன்றுதான் கையில் வைத்துப் பார்த்தேன். 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் கார்னீலியஸ் வெர்மைடன் கால்வாய்கள் வெட்டி இந்தச் சதுப்பை வடித்ததிலிருந்து நிலம் இறங்கிக்கொண்டே வருகிறது. இதே சதுப்புப் பகுதியிலுள்ள ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851இல் தரைமட்டம்வரை புதைக்கப்பட்ட இரும்புத் தூண் இன்று ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே நிற்கிறது.

ஆனால் ஈலி மேடு இறங்கவில்லை. அதன் அடியில் இருப்பது மணற்பாறையும் களிமண்ணும். அதனால்தான் கிழக்கு ஆங்கிலிய அரசர் அன்னாவின் மகள் எதெல்ட்ரெடா 673இல் துறவியர் ஆண்களும் பெண்களும் சேர்ந்து வாழும் மடத்தை அங்கே நிறுவ முடிந்தது. சுற்றிலும் நீரும் நாணலுமாக, அந்த மேடு அப்போது ஒரு தீவு. ஆங்கிலத்தில் ‘ஈல்’ எனப்படும் விலாங்கு மீன் மிகுந்திருந்ததால்தான் ஊருக்கே அந்தப் பெயர் வந்தது என்று பழைய வரலாறு கூறுகிறது.

எதெல்ட்ரெடா 679இல் காலமானார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், மடத்தின் தலைவியாக இருந்த அவருடைய அக்கா செக்ஸ்பர்க் அவரது உடலைக் கோயிலுக்குள் மாற்ற விரும்பிக் கல் தேடி ஆட்களை அனுப்பினார். தீவில் பெரிய கற்களே கிடையாது. படகேறிச் சென்றவர்கள், கேம்பிரிட்ஜ் அருகே பாழடைந்த சிறு நகரொன்றின் மதிலோரம் வெண் பளிங்குப் பேழை ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அக்கதையை அற்புதமாகவே பலரும் படிக்கிறார்கள். எனக்கோ ‘தீவில் கல் இல்லை’ என்ற அந்த ஒரு வரி, ஒரு மண் ஆய்வறிக்கையின் முதல் வரியைப் போலவே இருந்தது.

870இல் டேனியர்கள் மடத்தை அழித்தார்கள்; 970இல் பெனடிக்ட் சபைத் துறவியரின் மடமாக அது மீண்டும் எழுந்தது. இன்றுள்ள பேராலயத்தின் பணி 1083இல் தொடங்கியபோதும் கல் வெளியிலிருந்து, பார்னக் சுரங்கங்களிலிருந்து, நீர்வழியாகவே வந்தது. பக்கத்து ராம்சி மடம் அதே கல்லுக்காக, அந்தச் சுரங்கங்களுக்கு உரிமையுள்ள பீட்டர்பரோ மடத்துக்கு ஆண்டுதோறும் 4,000 விலாங்கு மீன்களைக் கொடுத்தது. சதுப்பு தந்த மீன்தான் அங்கே கல்லுக்கு விலையாயிற்று.

1322 பிப்ரவரியில் பேராலயத்தின் நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது. அப்போது கட்டடப் பொறுப்பில் இருந்த துறவி, வால்சிங்கம் ஊர் ஆலன், பழைய நான்கு தூண்களை மறுபடி எழுப்ப முயலவில்லை. எட்டு இடங்களை அளந்து குறித்து, உறுதியான தரை தட்டும்வரை தோண்டச் செய்து, அவற்றைக் கல்லாலும் மணலாலும் கெட்டிப்படுத்திய பிறகே எட்டுத் தூண்களை நிறுத்தினார். அவற்றின் மேல்தான் மரத்தாலான எண்கோண விளக்குக் கோபுரம் நிற்கிறது. அண்ணாந்து பார்த்து வியக்கும் கூட்டத்தின் நடுவே நின்றபோது, நான் நெடுநேரம் அந்தத் தூண்களின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு துறவி செய்த அடித்தள ஆய்வு இன்னும் பாரம் தாங்குகிறது என்பதை நினைத்தபோது உடல் சிலிர்த்தது.

நாங்கள் ஆய்வு செய்த கரையின் அடியில் பீட் படலம் இருப்பது உறுதியானதால், அதை அகற்றிக் களிமண் நிரப்பப் பரிந்துரைத்தேன். இந்தப் பக்கத்து ஆற்றங்கரைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகக் களிமண் கொடுத்தது ஈலியின் விளிம்பிலுள்ள ரோஸ்வெல் பள்ளங்கள்தான். இப்போது அவற்றில் நீர் நிறைந்திருக்கிறது.