கழுவிய கல்

வீதிக்குப் போடும் தார்க்கலவையின் முதல் மாதிரியில் தார் 4.4 வீதம் காட்டியது. வடிவமைப்பில் தார் 4.9, கூடக்குறைய 0.3 போகலாம். 4.6க்குக் கீழே இறங்கினால் பிழை. ஆனால் மறுமொழி வந்தது பின்னேரம். அன்றைய காபெற், அதாவது வீதியின் மேல் தார்ப்படை, அதற்குள் போட்டு உருட்டியாகிவிட்டது.

“தம்பி, லொறியில ஒரு பக்கமா அள்ளியிருப்பாங்கள், பெரிய கல்லுக் கூட வந்திருக்கும். காலமை இன்னொண்டு செய்து பாருமன்” என்றார் மேற்பார்வையாளர்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. பெரிய கல் கூடினால் தார் ஒட்டும் பரப்புக் குறையும், வீதமும் குறைவாகத்தான் காட்டும். காலையில் மற்ற லொறியின் மாதிரி 4.6. சரியாகக் கோட்டில். அதை எழுதிக் கையெழுத்து வைத்தேன். விதியை மீறவில்லை என்றுதான் இன்றும் சொல்வேன்.

ஆனால் முதல் மாதிரியில் தாரை அளப்பதற்காகக் கரைப்பானில் கழுவிய கல் தட்டிலேயே காய்ந்து கிடந்தது. அதைச் சல்லடையில் போட்டிருந்தால் பெரிய கல் கூடவா இல்லையா என்று அரைமணித்தியாலத்தில் தெரிந்திருக்கும். போடவில்லை. மறந்துபோனேன் என்று சொல்ல முடியாது. தட்டைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

சுண்ணாம்புக் குறையும் ஒன்று இருக்கிறது. வன்னியிலிருந்து வரும் கருங்கல் தாரைவிடத் தண்ணீரோடு கெதியாக ஒட்டும். அதனால் தார் கல்லை விடாமல் பிடிக்க 1.5 வீதம் நீற்றிய சுண்ணாம்பு போடச் சொல்லியிருந்தது. அந்தக் கிழமை மூடைகள் வரவில்லை, அதற்குப் பதிலாகக் கல்தூளோடு ஓட்டினோம். சுண்ணாம்புக்கல்லின் மேல் குடியிருந்துகொண்டு சுண்ணாம்புக்குக் காத்திருந்தது யாழ்ப்பாணத்தில்தான் நடக்கும்! அது எல்லாருக்கும் தெரிந்த குறை, அதனாலோ என்னவோ என்னை உறுத்தவில்லை. உறுத்துவது எனக்கும் மேற்பார்வையாளருக்கும் மட்டும் தெரிந்த அந்த 4.4.

அதற்காகத் தாரைக் கூட்டிவிட்டால் சரியென்றும் இல்லை. கூடினால் சித்திரை வெயிலில் கசிந்து, பாரவண்டிச் சில்லு பள்ளம் போடும். குறைந்தால் கல்லைச் சுற்றிய படலம் மெலிந்து, காற்றுப் பட்டுக் கெதியாக இறுகி நொறுங்கும்.

இரண்டாம் மாரி முடிய அந்த வீதியின் ஓரம் கல் கழரத் தொடங்கியது. வாய்க்கால் இல்லாத பக்கம்தான். அப்படியென்றால் தண்ணீர், அப்படியென்றால் சுண்ணாம்பு என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஒரு கல்லைப் பொறுக்கினேன். தண்ணீர் பிரித்த கல் என்றால் கழுவினதுபோல் வெறுமையாக இருக்கவேண்டும். தார் மெலிந்து காய்ந்தது என்றால் கறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் சுரண்டினால் பொடியாகும்.

ஒரு பக்கம் வெறுங்கல். திருப்பினேன், மறுபக்கம் கறுப்பு. சுரண்டினேன், பொடிந்தது.