பச்சைக் கார்னெட்: அருஷாவில் வாங்கி கோவையில் கட்டிய அனுபவம்

கார்னெட் கேட்டால் நம் ஊர்க் கடைகளில் கருஞ்சிவப்புக் கல்லைத்தான் எடுத்து வைப்பார்கள். பச்சைக் கல் கேட்டால் மரகதம் வரும், கையில் காசு குறைவென்றால் கெம்பு செட்டில் வைக்கிற பச்சை வரும். பச்சையிலும் கார்னெட் இருக்கிறது, மரகதத்தைவிடப் பளிச்சென்று இருக்கும், மரகதம்போல எண்ணெய் ஏற்றாமல் மண்ணிலிருந்து வந்த நிறத்திலேயே விற்கிறார்கள் என்று சொன்னால் கடைக்காரரே நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பார். நான் இந்தக் கல்லைச் சேர்க்க ஆரம்பித்து, அதை நகையாக்கி முடித்தது வரை எழுதி வைக்கிறேன். கல் வாங்குவது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. அதைக் கல்லாகவே மதித்துக் கட்டித் தர ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு.

கணவர் வேலைக்காக நாங்கள் தான்சானியாவில் அருஷாவில் குடியிருந்தோம். ரத்தினக் கல் வியாபாரம் அப்போது தெருவிலேயே நடந்த ஊர் அது. மணிக்கூண்டுப் பக்கம் போனால் மாசாய் இனத் தரகர்கள் மடித்த காகிதத்தைப் பிரித்துக் காட்டுவார்கள். பெரும்பாலும் டான்சனைட் என்ற நீலக் கல், நடுவில் ஒன்றிரண்டு பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை பிடித்தது. ஆனால் தெருவில் வாங்கவில்லை. உரிமம் வைத்து, ரசீது போட்டுத் தருகிற கடைகளில்தான் வாங்கினேன். அவற்றில் பலவற்றை நடத்துபவர்கள் தலைமுறைகளுக்கு முன்பே அங்கே குடியேறிய குஜராத்திக் குடும்பத்தினர். டீ கொடுத்து உட்கார வைத்துப் பேசுவார்கள், அவசரப்படுத்த மாட்டார்கள்.

சுரங்கத்தையே பார்த்துவிடலாம் என்று நினைத்தேன், நடக்கவில்லை. டான்சனைட்டோடு பச்சைக் கார்னெட்டும் கிடைக்கிற மெரெலானி மலையைச் சுற்றி 2018-ல் அரசு 24 கிலோமீட்டருக்கு மதில் கட்டிவிட்டது. அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது.

பச்சைக் கார்னெட்டில் நகைக்கு ஆகிற முக்கியமான கற்கள் சாவோரைட், டிமாண்டாய்டு. சாவோரைட் என்பது குரோசுலர் என்ற கனிமத்தின் பச்சை வகை. வனேடியமும் குரோமியமும் அதற்கு நிறம் தருகின்றன. நம் நவரத்தினத்தில் இருக்கும் கோமேதகமும் இதே குரோசுலர்தான். அதற்கு இரும்பு ஆரஞ்சு நிறம் தருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இதை என் சித்தியிடம் சொன்னேன். "அப்போ இது ராகுவுக்கா, புதனுக்கா?" என்று கேட்டார். இரண்டுக்கும் இல்லை சித்தி, எனக்கு என்றேன். சித்திக்குத் திருப்தியில்லை.

இந்தக் கல்லுக்குப் பின்னால் இருக்கும் கதையும் என்னை இழுத்தது. கேம்ப்பெல் பிரிட்ஜஸ் என்ற ஸ்காட்லாந்துப் புவியியலாளர் 1967-ல் வட தான்சானியாவில் இதைக் கண்டுபிடித்தார். அங்கே சுரங்கங்களை அரசுடைமையாக்கியதும் எல்லை தாண்டிக் கென்யாவுக்குப் போய், சாவோ வனப் பகுதிக்குப் பக்கத்தில் திரும்பவும் தேடிப் பிடித்தார். மரத்தின் மேல் வீடு கட்டித் தங்கினார் என்பார்கள். 1974-ல் நியூயார்க்கின் டிஃபனி நகை நிறுவனம் அந்த வனத்தின் பெயரையே கல்லுக்கு வைத்து விளம்பரம் செய்தது. 2009-ல் சுரங்க உரிமைத் தகராறில், கென்யாவில் தன் முகாமுக்குப் பக்கத்திலேயே பிரிட்ஜஸ் கொல்லப்பட்டார். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 116.76 கேரட் சாவோரைட் ஒன்று இருக்கிறது. மெரெலானியில் எடுத்தது, அவர் நினைவாக வைத்திருக்கிறார்கள்.

116 கேரட் என்று படித்துவிட்டுக் கடைக்குப் போனால் ஏமாற்றமாக இருக்கும். சாவோரைட் பெரும்பாலும் பாறைக்குள் உருண்டைகளாகக் கிடைக்கிறது. வியாபாரிகள் அவற்றை உருளைக்கிழங்கு என்பார்கள். வெளியே எடுத்து உடைத்தால் உள்ளே முழுக்க விரிசல். சுத்தமான துண்டாகத் தேறுவது கொஞ்சம், பட்டை தீட்டும்போது அதிலும் பாதிக்கு மேல் தூளாகிவிடும். அதனால் ஒரு கேரட்டுக்குள் நிறைய கிடைக்கும். இரண்டு கேரட்டைத் தாண்டினால் ஒரு கேரட்டுக்கான விலையே வேறு படிக்குப் போய்விடும். நான் பெரிய கல்லுக்கு ஆசைப்படவில்லை. ஒன்றேகால் கேரட்டில் ஓவல் சாவோரைட் ஒன்று மோதிரத்துக்கு, வெளிர் பச்சையில் ஒரு ஜோடி தோட்டுக்கு, கொஞ்சம் பொடிக் கற்கள். இவைதான் அருஷாவில் சேர்த்தவை.

வெளிர் பச்சையை அங்கே மின்ட் கார்னெட் என்கிறார்கள். அதுவும் மெரெலானியின் குரோசுலர்தான், நிறம் மட்டும் இளசு. கேரட் விலை குறைவு. எனக்கென்னவோ அடர் பச்சையைவிட இதுதான் பிடித்தது. அடர் பச்சை அழகுதான், ஆனால் ரொம்ப அடர்த்தியாகிவிட்டால் ராத்திரிக் கல்யாண மண்டபத்தில் கறுப்பாகத்தான் தெரியும். கடையில் மேசை விளக்கு எல்லாக் கல்லையும் அழகாக்கிவிடும். நான் கல்லை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிழலில் பார்ப்பேன், பிறகு உள்ளே போய் சாதாரண மஞ்சள் பல்பின் கீழே பார்ப்பேன். இரண்டிலும் உயிரோடு இருந்தால்தான் விலை பேசுவேன். ஜோடி பொருத்துவது பெரிய பொறுமைச் சோதனை. எடை பொருந்தினால் நிறம் பொருந்தாது, இரண்டும் பொருந்தினால் ஒன்றின் நடுவில் ஜன்னல் இருக்கும். அதாவது கல்லை எழுத்தின் மேல் வைத்தால் நடுப்பகுதி வழியாக எழுத்தைப் படிக்க முடியும். அடிப்பக்கத்தைத் தட்டையாகத் தீட்டிய கல்லில்தான் இப்படித் தெரியும், வெளிச்சம் திரும்பி வராமல் பின்பக்கமாகவே போய்விடுகிறது. ஜன்னல் உள்ள கல்லை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கவில்லை.

போலி பற்றிப் பயம் இருந்தது. கண்ணாடியாக இருந்தால் பத்து மடங்கு லென்ஸில் பெரும்பாலும் காற்றுக் குமிழிகள் காட்டிக் கொடுத்துவிடும். அருஷாவில் அதைவிடக் குழப்புவது குரோம் டூர்மலின் என்ற வேறொரு கல். அதுவும் தான்சானியாவில் கிடைக்கிற, அசல், நல்ல பச்சை. லென்ஸில் கல்லின் மேல்முகம் வழியாகப் பின்பக்கப் பட்டைகளின் விளிம்பைப் பார்த்தால் டூர்மலினில் கோடுகள் இரட்டையாகத் தெரியும். கார்னெட்டில் ஒற்றைதான், ஏனென்றால் அது ஒளியை இரண்டாகப் பிரிப்பதில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் கார்னெட்டின் பச்சை மாறாது, டூர்மலின் ஒரு பக்கம் பார்த்தால் வேறு பச்சையாக இருக்கும். இந்த இரண்டையும் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

ஊருக்குக் கிளம்புமுன் கற்களைக் கனிமத் துறை அலுவலகத்தில் காட்டி, மதிப்பிட்டு, கட்டணம் கட்டி, ஏற்றுமதி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கடைக்காரரே கூட வந்து முடித்துக் கொடுத்தார். இந்தியாவில் இறங்கியதும் சுங்கச் சோதனையில் சிவப்பு வழியில் போய்க் கணக்குக் காட்டித் தீர்வை கட்டினேன். பொடிக் கல்தானே என்று பர்ஸில் போட்டு வந்தவர்களும் உண்டு. எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

டிமாண்டாய்டு மட்டும் பிறகு ஜெய்ப்பூரில் வாங்கியது. ஜோஹரி பஜாரில் உலகத்துக் கல்லெல்லாம் கிடைக்கும். இது ஆண்ட்ரடைட் என்ற வேறு கனிமம். ரஷ்யாவின் யூரல் மலையில் 19-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்தது. ஒளியை நிறம் நிறமாகச் சிதறடிப்பதில் வைரத்தையே தாண்டும். வைரத்துக்கு அந்தச் சிதறல் அளவு 0.044 என்றால் இதற்கு 0.057. ரஷ்யக் கல்லின் உள்ளே நார் நாராக ஒரு படிவம் இருக்கும், குதிரைவால் என்பார்கள். எந்தக் கல்லிலும் குறை என்று கழிப்பதை இதில் மட்டும் காசு கூடக் கொடுத்து வாங்குகிறார்கள். என் பட்ஜெட்டுக்குக் குதிரைவால் எட்டவில்லை. நமீபியாக் கல் ஒன்று வாங்கினேன், ஒரு கேரட்டுக்கும் குறைவு, கொஞ்சம் மஞ்சள் கலந்த பச்சை. அசைத்தால் ஆரஞ்சும் நீலமும் தெறிக்கும். இதில் இரும்பு அதிகம் என்பதால் ஒரு வேடிக்கை செய்து பார்க்கலாம். கல்லைத் தெர்மாகோல் துண்டின் மேல் வைத்துத் தண்ணீரில் மிதக்க விட்டு, நியோடிமியம் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் பின்னாலேயே வரும். சாவோரைட் அசையாது, அசைந்தாலும் அரைமனதாகத்தான். கற்களையெல்லாம் அங்கேயே ஜெம் டெஸ்டிங் லேபரட்டரியில் கொடுத்து அறிக்கை வாங்கிக்கொண்டேன். நகை செய்யக் கொடுக்கும்போது அந்தக் காகிதம் ரொம்ப உதவியது.

கோவையில் முதலில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனேன். வெளியிலிருந்து கொண்டுவரும் கல்லை நாங்கள் கட்டுவதில்லை, எங்களிடம் மரகதம் இருக்கிறது, பாருங்கள் என்றார்கள். இன்னொரு கடையில் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள், ஆனால் கல் உடைந்தால் பொறுப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். கடைசியில் ராஜ வீதிப் பக்கத்துச் சந்து ஒன்றில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஒருவரிடம் உறவுக்காரர் மூலம் போனேன். லென்ஸைக் கண்ணில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, பச்சைக்கல்லாட்டத்தான் இருக்குது. ஆனா பச்சைக்கல்லுன்னா உள்ள பாசி படிஞ்சாப்ல ஏதாச்சும் தெரியுமுங்களே. இது இத்தனை சுத்தமா இருக்குதே?"

"இது கார்னெட்டுங்கண்ணா. கோமேதகத்துக்குப் பங்காளி."

"கோமேதகமா? பச்சையிலயா?" என்று சிரித்துவிட்டு அறிக்கையை வாங்கிப் படித்தார். அதற்குப் பிறகு அவர் பேச்சே மாறிவிட்டது.

அவர் போட்ட முதல் வரைபடத்தில் மோதிரம் பின்பக்கம் அடைப்பாக இருந்தது. கெம்பு நகையில் கல்லுக்கு அடியில் தகடு வைத்து மூடிக் கட்டும் பழக்கம் நம் பக்கம் காலங்காலமாக இருக்கிறது. அங்கே பளபளப்பு அந்தத் தகட்டிலிருந்துதான் வருகிறது. சாவோரைட்டுக்கு அது வேண்டாம். ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று காட்டும் அதன் ஒளிவிலகல் எண் 1.74, மரகதத்துக்கு 1.58-தான். ஒழுங்காகப் பட்டை தீட்டியிருந்தால் மேலே விழுந்த வெளிச்சத்தை அதுவே திருப்பி அனுப்பும். பின்பக்கம் திறந்திருந்தால் அழுக்குப் படிந்தாலும் கழுவிவிடலாம். கல்லை விரல் இடுக்கில் பிடித்துக் காட்டியதும் அவருக்கே புரிந்தது. ஓப்பன் செட்டிங், நான்கு கொக்கி என்று முடிவானது.

அடுத்த வாக்குவாதம் தங்கத்தில். வீட்டில் எல்லோரும் 916-தான் செய்ய வேண்டும், 18 கேரட்டை மாற்றப் போனால் ஒன்றும் தேறாது என்றார்கள். ஆசாரி என் பக்கம் நின்றார். 22 கேரட் மெத்து, கொக்கி நாளடைவில் வளைந்து கல் விழுந்துவிடும், கல்லு நகைக்கு 18-தானுங்க என்றார். நிறத்தில் நான் பிடிவாதம் பிடித்தேன். மோதிரம் முழுக்க மஞ்சள் தங்கம், அடர் பச்சைக்கு அது எடுப்பு. தோட்டில் மின்ட் கல்லைத் தாங்கும் கிண்ணமும் கொக்கியும் வெள்ளைத் தங்கம், மற்றது மஞ்சள். சுற்றிலும் மஞ்சளாக இருந்தால் அந்த இளம் பச்சை பழுப்பேறிப் போய்விடும்.

டிமாண்டாய்டை மோதிரமாக்க ஆசைப்பட்டேன், அவர் விடவில்லை. பத்துப் படி மோஸ் அளவில் அதன் கடினத்தன்மை ஆறரையிலிருந்து ஏழுக்குள்தான். வீட்டுத் தூசியில் இருக்கும் மணலே ஏழு. தினமும் கையில் போட்டால் பட்டை ஓரங்கள் மழுங்கிவிடும். அது பென்டன்ட் ஆனது. கொக்கி இல்லாமல், கல்லைச் சுற்றித் தங்க விளிம்பை மடித்துக் கட்டியது.

வேலையில் பாதி இப்போது கம்ப்யூட்டரில்தான். வெர்னியரில் கல்லின் நீள அகலம், முக்கியமாக ஆழம், எடுத்துக்கொண்டு போய் ஒரு பையன் வடிவம் வரைந்தான். மெழுகில் அச்சடித்து, அதை வைத்து வார்ப்பு. என் ஓவல் கல்லுக்கு வயிறு கொஞ்சம் பெரிது. எடை குறையக் கூடாது என்று வெட்டியவர் விட்டுவைத்தது. அதனால் மோதிரம் விரலில் உயரமாக உட்காரும் என்று மெழுகிலேயே தெரிந்தது, கல்லின் இரு பக்கத்து வளையத்தை, அதாவது தோளை, ஏற்றி வடிவத்தைச் சரிசெய்தார்கள். மெழுகு மாதிரியை விரலில் போட்டுப் பார்க்காமல் வார்ப்புக்குச் சம்மதிக்காதீர்கள். தங்கத்தில் வந்த பிறகு மாற்றினால் கூலி இரட்டிப்பு.

கல் பதித்தவர் மேற்கு வங்கத்துக்காரர், கொங்குத் தமிழ் என்னைவிட நன்றாகப் பேசுகிறார். அவரிடம் நான் வற்புறுத்தியது ஒன்றுதான்: அளவு பார்த்து, பற்றவைப்பதெல்லாம் முடித்த பிறகு கல்லை வையுங்கள், கல் இருக்கும்போது நெருப்பு வேண்டாம். கார்னெட்டுக்குத் திடீர்ச் சூடும் திடீர்க் குளிரும் ஆகாது, விரிசல் விடும். "வைரம்னா ஊதுவோமுங்க, இதுக்கு ஊத மாட்டோம்" என்று அவரும் சொல்லிவிட்டார்.

பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை தனித்தனியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கேரட் 0.2 கிராம். பொடிக் கல்லெல்லாம் சேர்ந்தால் கணிசமாக வரும், அதற்குத் தங்க விலை கொடுத்துவிடக் கூடாது. சேதாரம் கேட்டதைப் பேசிக் குறைத்தேன், செய்கூலியில் பேரம் பேசவில்லை. மோதிரமும் தோடும் பென்டன்டும் 18 கேரட் ஹால்மார்க்கும் ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஆறு எழுத்து எச்யுஐடி அடையாள எண்ணும் அடித்து வந்தன. மிஞ்சிய பொடிக் கல் ஒன்று சித்திக்கு மூக்குத்தியானது. இரண்டு கிராமுக்குள் என்பதால் அதற்கு ஹால்மார்க் கட்டாயமில்லை.

பராமரிப்பு பெரிதாக இல்லை. இளஞ்சூட்டு நீரில் துளி சோப்பு, மெல்லிய பிரஷ்ஷால் பின்பக்கம் ஒரு தேய்ப்பு. கடையில் சுத்தம் செய்யக் கொடுத்தால் நீராவி மட்டும் அடிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொக்கி தளர்ந்திருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை ஆசாரியிடம் காட்டுகிறேன், அதற்கு அவர் காசு வாங்குவதில்லை.