ஜிம்மியின் துண்டில் இருந்த மூன்று எழுத்து

எங்கள் நாய் ஜிம்மி மதிலால் பாய்ந்துபோய் முன்காலை நொண்டிக்கொண்டு வந்தான். பக்கத்து வளவுப் பூனையால் வந்த வினை. ஓட்டோவில் ஏற்றி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்றார். நிறுத்துப் பார்த்தால் 19 கிலோ. மெலொக்சிகாம் 7.5 மில்லிகிராம் குளிசையில் கால்வாசி என்று துண்டு எழுதித் தந்தார். நாங்கள் மூட்டு நோவுக்குப் போடுகிற அதே குளிசை. பக்கத்தில் மூன்று ஆங்கில எழுத்து, கடைசியில் 5/7.

வரும் வழியில் ஒரு பாமசியில் துண்டை நீட்டினேன். அங்கே நின்ற தம்பி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அக்கா, இது பி.ஐ.டி. தானே?"

"அப்பிடித்தான் இருக்கும் தம்பி."

எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் தெரிந்த ஆள் மாதிரிச் சொன்னேன். சின்னக் கடதாசி உறையில் காலை ¼, இரவு ¼ என்று எழுதித் தந்தார்.

இரண்டாம் நாள் இரவு சோற்றுக்குள் மீன் தலை பிசைந்து வைத்தும் ஜிம்மி முகர்ந்துவிட்டுப் படுத்துவிட்டான். விடியப் பார்த்தால் விறாந்தையில் சத்தி. மலம் தார் மாதிரிக் கறுப்பு. டொக்டருக்கு அடித்தேன்.

"ஒருநாளைக்கு எத்தினை தரம் குடுக்கிறியள்?"

"ரெண்டு தரம், டொக்டர்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நான் எஸ்.ஐ.டி. எண்டெல்லோ எழுதினனான்."

'செமெல் இன் டியே' என்ற லத்தீனின் சுருக்கமாம் அது. ஒருநாளைக்கு ஒரு தரம். எங்களுக்கு எழுதுகிற துண்டில் இதற்கு ஓ.டி. என்று போடுவார்கள், அல்லது காலைக்கு 'மானே', இரவுக்கு 'நொக்டே'. எஸ்.ஐ.டி. பெரும்பாலும் மிருக வைத்தியர்களின் வழக்கம். நாள் முழுக்க மனிதரின் துண்டைப் பார்க்கிற ஒருவருக்கு அது எப்படிப் பழகும்? பழக்கமில்லாததைக் கண்டால் கண் பழகியதாக மாற்றி வாசித்துவிடும். பி.ஐ.டி. என்றால் இரண்டு தரம், ரி.ஐ.டி. மூன்று, கியூ.ஐ.டி. நான்கு. வால் எல்லாவற்றுக்கும் ஒன்று, தலை மட்டும் வேறு. அந்தத் தலையைத்தான் டொக்டர்மார் கிறுக்குகிறார்கள். (ரி.ஐ.டி. என்று கேட்டதும் யாழ்ப்பாணத்தாருக்கு மருந்தா ஞாபகம் வரும், பயங்கரவாத விசாரணைப் பொலிஸ் அல்லவா? அம்மா "ஆர், வீட்டை வந்தவங்களோ?" என்று கேட்டேவிட்டார்.)

பிறகு இருந்து கணக்குப் பார்த்தேன். நாய்க்கு மெலொக்சிகாம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், நாளுக்கு ஒரு தரம். முதல் நாள் மட்டும் சில வேளை அதன் இரட்டிப்பைக் கொடுப்பதுண்டு. 19 கிலோவுக்கு 1.9. கால் குளிசையில் இருப்பது 1.875. டொக்டர் அச்சொட்டாகத்தான் எழுதியிருக்கிறார். நான்தான் இரண்டு நாளாக அதை இரட்டிப்பாக்கி ஊட்டியிருக்கிறேன். இந்தவகை நோ மருந்து கூடினால் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். உடனே நிறுத்தச் சொல்லி, வயிற்றுக்கு வேறு மருந்து தந்தார். கஞ்சியும் தண்ணீருமாக நாலு நாளில் ஜிம்மி எழும்பிவிட்டான். அந்தத் தம்பியில் எனக்குக் கோபமில்லை. அவர் கேட்டார், நான் தலையாட்டினேன்.

5/7 வேறு கதை. அப்பா கணிதம் படிப்பித்தவர். துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "குளிசையை ஏழாய் வெட்டி அஞ்சு பங்கு குடுக்கிறதோ?" என்றார், பகிடி விடாமல். வாரத்துக்கு ஏழு நாள், அதில் ஐந்து, அதாவது ஐந்து நாளைக்கு. 2/52 என்றால் இரண்டு கிழமை, 1/12 என்றால் ஒரு மாதம். "பின்னம் எண்டால் பின்னமாய் இருக்கவேணும்" என்று அப்பா இன்றைக்கும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

பி.ஓ. வாயால், பி.சி. சாப்பிட்ட பின், ஏ.சி. சாப்பிட முன். இவை சுகம். எனக்குப் பிடிக்காதது பி.ஆர்.என்., தேவைப்பட்டால் கொடு என்பது. தேவை என்று யார் சொல்வது, நாயா? அதைக் கண்டால் ஒருநாளைக்கு ஆகக்கூடியது எத்தனை என்று கேட்காமல் நான் கதிரையை விட்டு எழும்புவதில்லை. பிடித்தது கியூ12எச், 12 மணித்தியாலத்துக்கு ஒருக்கா. இலக்கத்தைக் கிறுக்கினாலும் ஓரளவு விளங்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வருகிறார்கள், பழக்கம் விடாது, சரி. ஆனால் 'ஒருதரம்' என்று தமிழில் எழுத எவ்வளவு மை செலவாகும்?

போன மாதம் ஜிம்மிக்கு ஒரு கண் சிவந்து பீளை தள்ளியது. சொட்டு மருந்துத் துண்டில் ஓ.டி., பி.ஐ.டி. என்று இரண்டும் இருந்தன. ஒருதரமும் இரண்டு தரமுமா? டொக்டரிடமே கேட்டேன். கண் மருந்தில் ஓ.டி. என்றால் வலது கண், ஓ.எஸ். இடது, ஓ.யூ. இரண்டும் என்றார். கீழே 'வலக்கண், காலை ஒரு சொட்டு, இரவு ஒரு சொட்டு' என்று தமிழில் எழுதுவித்துக்கொண்டுதான் வந்தேன்.

வீட்டில் நான் தலையைப் பிடிக்க, அம்மா போத்தலைத் திறந்தார். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுத் துண்டை வாசித்தார்.

"வலக்கண் எண்டு கிடக்கு. அதின்ரை வலதோ, எங்கடை வலதோ?"

அம்மா போத்தலை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். நல்லவேளை, சிவந்திருந்தது ஒரு கண்தான்.